அருகில் ஒரு பாய்

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் தெருவில் கோடி வீட்டு அத்தை ஒரு நாள் விடியற்காலையில் வந்து, பழைய பாய் ஒன்று இருந்தால் கொடுக்கும்படி என் அம்மாவிடம் கேட்டாள். அத்தை என்றால் எனக்குச் சொந்த அத்தை அல்ல. தெருவிலிருந்த பிள்ளைகள் எல்லோருக்குமே அவள் அத்தைதான்.

“பழசு எதுக்கு அண்ணி? போன மாசம் வாங்கின கோரைப் பாய் சும்மாத்தானே கிடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாள் அம்மா.

“வேணாம்மா. ஆஸ்பத்திரியிலே அவன் கட்டிலுக்குப் பக்கத்திலே போட்டுப் படுக்கிறதுக்குத்தான். எத்தனை நாளோ, எத்தனை மாசமோ. நல்ல பாயை எதுக்குக் கெடுக்கணும்?”

‘அவன்’ என்று அத்தை சொன்னது அவளுடைய மகனை. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவனுக்கு அந்த வியாதி வந்தது. யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகக் காதில் கேட்கிறது என்றான். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்றான். பிறகு ஒன்றுமே சொல்லாமல் கொல்லைப்புறத்து அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். அப்படி ஏழு வருஷம். ராத்திரியில் அந்த வீட்டிலிருந்து கேட்கும் குரலுக்குப் பயந்து நாங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். அந்தக் குரலோடு ஒரே கூரையின் கீழ் ஒருத்தி ஏழு வருஷமாகப் படுத்திருக்கிறாளே என்று நாங்கள் நினைத்ததில்லை. பெரியவர்களும் நினைத்ததாகத் தெரியவில்லை.

1988-ஆம் வருஷம் அது. மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு பாத்திரம், அரிசி, பருப்பு, மிளகாய்ப் பொடி, அந்தப் பழைய பாய் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு அத்தை வேலூருக்கு ரயிலேறினாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். வந்த அன்று என் அம்மாவிடம் அவள் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. மருந்தைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ அவள் முதலில் சொல்லவில்லை.

“அங்கே ஒரு பொண்ணு வந்து பக்கத்திலே உக்காந்தா. சின்னப் பொண்ணுதான். ‘நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா’ன்னு கேட்டா. இந்த ஏழு வருஷத்திலே என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லே.”

சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூங்குகிறாயா என்று கேட்டால் யாராவது அழுவார்களா?

பிற்காலத்தில் கதை எழுதுகிறவனாக ஆன பிறகு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். வியாதிக்காரன் ஒருவன் இருக்க, அவன் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்து அப்படிக் கேட்க வேண்டும் என்று எந்த ஆஸ்பத்திரிக்கு எப்போது தோன்றியது? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது நீளமான சரித்திரமல்ல. நம் பாட்டனார் காலத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் நம்மில் பலருக்கு அது தெரியாது.

*

முதலில் மதில் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் சென்னையில் புத்தி பேதலித்தவர்களுக்கென்று ஒரு விடுதி ஏற்பட்டது 1794-ல். கும்பெனியின் சர்ஜன்களில் ஒருவரான வாலன்டைன் கானலி என்பவர் அதைத் தொடங்கினார். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்தில் பெரிய தோட்டம் ஒன்றுக்கு மாறியது. அப்போது அங்கே இருந்தவர்கள் 145 பேர். அந்த இடம்தான் இன்றைக்கும் இருக்கும் அரசு மனநலக் காப்பகம். ‘கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்’ என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் பேச்சுக்குப் பின்னால் இத்தனை வருஷத்துக் கதை இருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களைக் கட்டியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வியாதிக்காரனை அவனுடைய வீட்டுச் சந்தடியிலிருந்தும் தெருவின் கல்லடியிலிருந்தும் விலக்கி, அமைதியான இடத்தில் வைத்தால் மனம் தேறும் என்பது ஐரோப்பாவில் அன்றிருந்த நல்லெண்ணம். அந்த நல்லெண்ணம் நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அதில் மதில் சுவர் மட்டும் மிஞ்சியது. 1912-ஆம் வருஷத்துப் பைத்தியச் சட்டத்தின்படி, பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவோடுதான் ஒருவன் உள்ளே போக வேண்டும். கேட்டின் வெளிப்புறத்தில் குடும்பம், உட்புறத்தில் வியாதிக்காரன். சட்டம் இருவருக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு என்ன வியாதி என்று யாரும் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை. சில மாதம் வந்து பார்த்தார்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை வந்தார்கள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இது நம் வழக்கமல்ல என்பதுதான் ஆச்சரியம். திருச்சிக்குப் பக்கத்தில் காவேரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோயில் இருக்கிறது. சித்தப் பிரமை பிடித்தவர்களை அழைத்து வந்து நாற்பத்தெட்டு நாள் வைத்திருந்து, முகத்தில் தீர்த்தம் தெளிக்கச் செய்வது அங்கே வழக்கம். எங்கள் அத்தையும் ஒரு மண்டலம் அங்கே இருந்து வந்தவள்தான். தீர்த்தத்தால் வியாதி தீருமா என்ற வாதத்துக்கு நான் இப்போது வரவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்: அங்கே வியாதிக்காரன் பக்கத்தில் அவனைச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். தாயோ, மனைவியோ, அண்ணனோ, யாராவது ஒருவர் கூடவே படுத்து, கூடவே எழுந்து, கூடவே குளத்துக்குப் போவார்கள். கோயில் அனுமதித்ததை ஆஸ்பத்திரி அனுமதிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரிகளும் எத்தனை இருந்தன? 1946-ல் போர் கமிட்டி கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. இங்கிலாந்தில் ஏறக்குறைய முந்நூறு பேருக்கு ஒரு மனநோய்க் கட்டில் இருந்தது. இந்தியாவில் நாற்பதினாயிரம் பேருக்கு ஒரு கட்டில். அதாவது, உள்ளே இருந்தவர்களின் கதி ஒன்று. உள்ளேயே போக முடியாமல் கொல்லைப்புறத்து அறையில் கிடந்தவர்களின் கதி அதைவிடப் பல மடங்கு பெரியது. அவர்களுக்கு நர்ஸாகவும் காவலாளியாகவும் சமையற்காரியாகவும் இருந்தது குடும்பம். பெரும்பாலும் குடும்பத்துப் பெண்.

*

சுவர் முதலில் இடிந்த இடம் பஞ்சாபில் இருக்கிறது. யாரும் கொள்கைக்காக அதை இடிக்கவில்லை; இடமில்லாததால் இடிந்தது.

தேசம் இரண்டாகப் பிரிந்தபோது நிலத்தையும் பணத்தையும் பங்கு போட்டார்கள். கடைசியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களையும் பங்கு போட்டார்கள். லாகூர் ஆஸ்பத்திரியிலிருந்த ஹிந்துக்களும் சீக்கியர்களுமாக 450 பேர் 1950 டிசம்பரில் எல்லை தாண்டி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஸாதத் ஹஸன் மண்டோ எழுதிய ‘டோபா டேக் சிங்’ என்ற புகழ் பெற்ற கதைக்கு அடிப்படை இந்தப் பங்கீடுதான். இலக்கிய ரசிகர்களுக்கு அந்தக் கதை தெரியும். கதை முடிந்த பிறகு அந்த மனிதர்கள் வந்து சேர்ந்த ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது.

அங்கே சூப்பரிண்டெண்டாக இருந்தவர் டாக்டர் வித்யா சாகர். கட்டில்கள் நிறைந்து வழிந்தன. வீடு வாசலை விட்டுவிட்டு ஓடி வந்த ஜனங்கள் நிறைந்த ஒரு மாகாணம் அது. வாசலில் காத்திருந்தவர்களுக்குக் குறைவில்லை. இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். வித்யா சாகர் வேறொன்று செய்தார். ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடிக்கச் செய்தார். ‘உங்கள் பிள்ளையை இங்கே வைத்துக்கொள்கிறேன், ஆனால் நீங்களும் கூட இருக்க வேண்டும்’ என்பது ஏற்பாடு. தாய் தகப்பன், அண்ணன் தம்பி, மனைவி எல்லோரும் வந்து வியாதிக்காரனோடு கூடாரத்தில் தங்கினார்கள்.

நர்ஸ்கள் போதாத குறைக்குச் சொந்தக்காரர்கள் உதவினார்கள். இதுதான் முதலில் எதிர்பார்த்தது. எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. டாக்டர் அவர்களை உட்கார வைத்துப் பேசினார். இது பேய் அல்ல, பாவத்தின் சம்பளமல்ல, வியாதி என்றார். எதனால் அவன் அப்படிக் கத்துகிறான், கத்தும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று விளக்கினார். அவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒரு கூடாரத்துக்காரி தன் மகனைப் பற்றிச் சொல்ல, பக்கத்துக் கூடாரத்துக்காரி, ‘என் மகனும் இப்படித்தான்’ என்று சொல்லியிருப்பாள். உலகத்தில் தனக்கு மட்டுமே நேர்ந்த அவமானம் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்த ஒன்றை மற்றவள் வாயால் கேட்பது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வியாதிக்காரர்கள் சீக்கிரம் தேறினார்கள். தங்களைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு இல்லை. தேறுவதைக் கண்ணால் பார்த்த சொந்தக்காரர்கள், இந்த வியாதி தீராது என்ற பழைய நம்பிக்கையை விட்டார்கள். திரும்பிப் போய்த் தங்கள் கிராமத்தில் சொன்னார்கள். வித்யா சாகர் தம் வேலையைப் பற்றி அதிகம் எழுதி வைக்கவில்லை. எழுதுவதற்கு அவருக்கு நேரம் இருந்திருக்காது. ஆனால் பிற்காலத்தில் இந்தியாவில் மனநோய் வைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாராயிருந்தாலும் அந்தக் கூடாரங்களுக்கு வந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

நம் பக்கத்தில் இதே யோசனை கட்டிடமாகவே எழுந்தது வேலூரில். கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மையம் 1957-ல் பாகாயத்தில் ஏற்பட்டது. அதைத் தொடங்கியவர் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற பெண்மணி. வியாதிக்காரரோடு குடும்பத்தினர் ஒருவராவது வந்து கூடத் தங்க வேண்டும் என்பது அங்கே ஆரம்ப முதலே விதி. 1963-ல் அங்கிருந்த டாக்டர்கள் இந்த முறையைப் பற்றி அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். அமிர்தசரஸில் நெருக்கடிக்குப் பிறந்த வழக்கம் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. எங்கள் அத்தை ஸ்டவ்வும் பாயும் கட்டிக்கொண்டு போனதன் காரணம் இதுதான்.

*

ஆனால் அத்தையிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் டாக்டர் அல்ல, நர்ஸும் அல்ல. அப்படியானால் அவள் யார்?

அவளைப் போன்றவர்களின் பரம்பரையைத் தேடிக்கொண்டு போனால் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1905-ஆம் வருஷம். மாஸசூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு விஷயம் உறுத்தியது. நல்ல ஆகாரம் சாப்பிடு, ஓய்வு எடுத்துக்கொள், கவலைப்படாதே என்று அவர் எழுதிக் கொடுக்கிறார். எதிரே நிற்கிறவளுக்கு வீட்டில் ஐந்து குழந்தைகள், வேலையில்லாத புருஷன். அவளுக்கு ஓய்வு எங்கிருந்து வரும்? வீட்டைப் பார்க்காமல் எழுதிக் கொடுக்கும் சீட்டு வெறும் காகிதம் என்று அவருக்குப் பட்டது. கார்னெட் பெல்ட்டன் என்ற பெண்ணை அமர்த்தி, வியாதிக்காரர்களின் வீட்டு நிலைமையை விசாரித்து வேண்டியதைச் செய்ய ஏற்பாடு செய்தார். அவளுக்கு ஆஸ்பத்திரி கொடுத்தது தாழ்வாரத்தில் ஒரு மூலை. சம்பளம் கொடுக்கவில்லை, அதை வெளியிலிருந்து திரட்ட வேண்டியிருந்தது. சில மாதங்களில் பெல்ட்டனையே க்ஷயரோகம் பற்றியது. அவளுக்குப் பின் வந்த ஐடா கேனன் அந்த மூலையில் உட்கார்ந்து தொடங்கிய வேலையை நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்தாள்.

அதே பாஸ்டனில் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் 1913-ல் மேரி ஜாரெட் என்ற பெண் இந்த வேலையைத் தொடங்கினாள். வியாதிக்காரன் எந்த வீட்டிலிருந்து வந்தான், எந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறான் என்பதை விசாரிப்பதற்கென்றே ஆட்களைப் பழக்கினாள். 1918-ல் ஸ்மித் கல்லூரியில் இதற்குப் படிப்பு ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்திலிருந்து மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களுக்காக அந்தப் படிப்பு அவசரமாகத் தேவைப்பட்டது.

இந்தியாவில் இந்தத் தொழிலைக் கற்பிக்கும் முதல் பள்ளி 1936-ல் பம்பாயில் டாட்டா பெயரால் ஏற்பட்டது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். தமிழில் ‘சமூக சேவை’ என்றால் நமக்கு ஞாபகம் வருவது வேறு. தீபாவளிக்குப் பழைய புடவை கொடுப்பதும் அதைப் படம் பிடித்துக்கொள்வதும் நம் கண் முன் நிற்கும். இது அதுவல்ல. தச்சு வேலையைப் போல, வைத்தியத்தைப் போல, பழகிக் கற்க வேண்டிய தொழில். ஒருத்தியிடம் எப்போது கேள்வி கேட்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடாது. ‘தூங்குகிறீர்களா அம்மா’ என்ற கேள்வி சாதாரணக் கேள்விதான். அதை அந்த இடத்தில் கேட்கத் தெரிந்ததில் பாஸ்டன் தாழ்வாரத்து மூலையிலிருந்து வந்த எண்பது வருஷப் பழக்கம் இருந்தது.

*

வாசகர்களில் சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். குடும்பம் பக்கத்தில் இருப்பதே மருந்து என்றால், நம் நாட்டில் வியாதி இத்தனை வருஷம் ஏன் நீடிக்கிறது? ஏழு வருஷமாக அத்தை பக்கத்தில்தானே இருந்தாள்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் லண்டனிலிருந்து வந்தது. 1950-களில் புதிய மருந்துகள் வந்து, ஆஸ்பத்திரிகளில் பல வருஷம் கிடந்தவர்கள் தேறி வீடு திரும்பத் தொடங்கிய காலம். ஜார்ஜ் பிரௌன் என்ற சமூக ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அப்படித் திரும்பியவர்களில் இருநூறுக்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, 1958-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். யாரும் எதிர்பாராத முடிவு அது. வாடகை அறைக்குப் போனவர்களும் உடன்பிறந்தவர்கள் வீட்டுக்குப் போனவர்களும் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். தாய் தகப்பனிடமும் மனைவியிடமும் போனவர்கள்தான் அதிகமாக மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

பாசம் விஷமா? அப்படி அல்ல. மேலும் ஆராய்ந்தபோது விஷயம் தெளிவாயிற்று. ஓயாத குத்தல், வெறுப்பு, அல்லது ஒரு நிமிஷம்கூட விடாமல் மேலே கவிந்துகொள்ளும் கவலை, இவை இருக்கும் வீட்டில் வியாதி திரும்புகிறது. இந்த மூன்றும் எங்கிருந்து பிறக்கின்றன? களைப்பிலிருந்து, பயத்திலிருந்து, ‘அவன் வேண்டுமென்றே செய்கிறான்’ என்ற அறியாமையிலிருந்து. தூங்காத தாய் எரிந்து விழுகிறாள். எரிந்து விழுந்ததற்காக மறு நிமிஷம் அழுது, ஊட்டிவிடப் போகிறாள். இரண்டும் அவனைக் கெடுக்கின்றன; இரண்டும் அவளையும் கெடுக்கின்றன. அவளைத் திட்டிப் பயனில்லை. அவளுக்கு விஷயத்தைச் சொல்லி, அவள் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் வீட்டின் காற்றே மாறுகிறது. 1982-ல் ஜூலியன் லெஃப் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் லண்டனில் இதைச் செய்து காட்டினார்கள். குடும்பத்தினருக்கு வியாதியைப் பற்றிக் கற்பித்து, அவர்களைக் கூட்டி வைத்துப் பேச வைத்தபோது வியாதி திரும்புவது பெருமளவு குறைந்தது.

முப்பது வருஷத்துக்கு முன் அமிர்தசரஸ் கூடாரத்தில் ஒருவர் செய்துகொண்டிருந்ததும் அதுதானே!

பிறகு சண்டிகரிலும் இதே ஆராய்ச்சியை நடத்தினார்கள். லண்டன் குடும்பங்களைவிட அங்கே குத்தலான பேச்சு குறைவு என்று தெரிந்தது. நம் குடும்பங்களைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ள இது நல்ல செய்திதான். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து. ‘நம் நாட்டில் குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டுச் சர்க்காரும் சமூகமும் கையைக் கட்டிக்கொள்ள அது வசதியான வாக்கியம். குடும்பத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவள் செத்த பிறகு யார்?

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு 1961 முதல் 1978 வரை தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன் இந்தக் கேள்வியோடுதான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். வியாதி தணிந்த பிறகும் ஒருவன் வேலையின்றி, மரியாதையின்றி வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் குணமாகி என்ன பயன்? அவரும் மற்றச் சிலரும் சேர்ந்து 1984-ல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். வைத்தியத்தோடு தொழில் பழக்குவதும் குடும்பத்தோடு பேசுவதும் அங்கே சேர்ந்தே நடந்தன. மணமான பிறகு இந்த வியாதி கண்டு, புருஷனால் கைவிடப்பட்டுத் தாய் வீட்டுக்குத் திரும்பிய பெண்களைப் பற்றி அந்த நிலையத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சாரதா மேனன் 2021 டிசம்பரில், தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.

*

குடும்பத்துக்குக் கை கொடுக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஒரு நாள் பார்த்தோம். 2001 ஆகஸ்டு 6. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். எல்லா மதத்தவரும் வருவார்கள். சுற்றிலும் தனியார் விடுதிகள் முளைத்திருந்தன. விடியற்காலையில் அப்படிப்பட்ட விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

தேசமே பதறியது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அந்த விடுதிகள் மூடப்பட்டன. பிற்பாடு சர்க்கார் மனநல டாக்டர்கள் தர்காவின் பக்கத்திலேயே வந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. வேண்டுதலையும் மருந்தையும் பகைவர்களாக நினைக்காத நல்ல ஏற்பாடு அது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று திட்டவட்டமாகத் தடுக்கிறது.

அன்று பலர் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: ‘பெற்ற பிள்ளையை இப்படிக் கொண்டுவந்து விட எப்படி மனம் வந்தது?’ நானும் கேட்டேன். பிறகு கோடி வீட்டு அத்தையை நினைத்துக்கொண்டேன். ஏழாவது வருஷம் வேலூருக்கு ரயிலேற அவளுக்கு யாரோ வழி சொன்னார்கள். சொல்லாதிருந்தால்? எட்டாவது வருஷம், ஒன்பதாவது வருஷம், அவளும் ஏதாவது ஒரு கொட்டகையில் அவனை விட்டுவிட்டு, மாதாமாதம் பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியிருக்க மாட்டாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கொட்டகையில் விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் பாசமற்றவர்கள் அல்லர். அவர்களில் பலர் எப்போதோ களைத்துப் போனவர்கள். களைப்பதற்கு முன்பே அவர்களிடம் யாராவது வந்து பேசியிருக்க வேண்டும்.

*

கோடி வீட்டு அண்ணன் முழுக்கத் தேறினான் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதினான். கூட்டமான இடத்துக்கு வர மாட்டான். என்னைக் கண்டால் சிரிப்பான். அத்தை காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது அவனைப் பார்த்துக்கொள்வது அவனுடைய தங்கை. எனக்கு அக்கா முறை. புருஷன் இறந்த பிறகு அவள் அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கே போவேன். “அண்ணன் எப்படி இருக்கிறார்? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?” என்று கேட்பேன். அக்கா பதில் சொல்வாள், காப்பி கொடுப்பாள், நான் வந்துவிடுவேன். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம்.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய விஷயங்களைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு முறை போயிருந்தேன். வழக்கம்போல் விசாரித்துவிட்டு எழுந்தேன். வாசற்படி வரை வந்தவன், இத்தனை வருஷமாக நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதை உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது. திரும்பி நின்று, “நீ ராத்திரி தூங்குகிறாயா அக்கா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் தூங்குறேன் தம்பி” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முந்தானையால் திண்ணையைத் துடைத்துவிட்டு, “உக்காரு” என்றாள்.

நான் பிடிக்க வேண்டிய பஸ் போய்விட்டது. அதற்கடுத்த பஸ்ஸும் போய்விட்டது. அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.